மகளுக்கு எப்போதிலிருந்து முட்டை பிடிக்காமல் போனது?

கேள்வி: அம்மா, நாங்கள் கொடுங்கையூரில் இருக்கிறோம். மணலியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை, கான்ட்ராக்ட்தான். மனைவி வீட்டிலேயே தைக்கிறாள். மூத்தவள் மாநகராட்சிப் பள்ளியில் பத்தாவது. மகனுக்கு 13 வயது, எட்டாவது. இடதுகால் ஃபுட்பால் ஆட்டக்காரன், விங்கில், அதாவது கிரவுண்டின் ஓரத்தில் ஆடுவான். வியாசர்பாடியில் ஃப்ரீயாகச் சொல்லிக்கொடுக்கும் கிரவுண்டில் ஆடிக்கொண்டிருந்தவனை இரண்டு வருஷத்துக்கு முன்னால் தென்சென்னையில் ஒரு ஃபுட்பால் அகாடமியில் சேர்த்தேன். மாதம் 4,000 ஃபீஸ். அது போக பெங்களூரு, புனே, கோவா என்று வருஷத்துக்கு மூன்று, நான்கு டோர்னமென்ட். ஒவ்வொன்றுக்கும் 20,000க்கு மேல் ஆகிறது. நானும் லீவு போட்டுக் கூடவே போவேன். மனைவி மகளிர் குழுவில் கடன் எடுத்திருக்கிறாள். கோச் சொன்னபடி அவனுக்குத் தினமும் நான்கு முட்டை, வாரத்தில் மூன்று நாள் கோழி. மகளுக்கு முட்டை பிடிக்காது, அதனால் சமாளிக்க முடிகிறது. இப்போது கோவாவுக்கு 22,000 ஆகும் என்று சொல்லி 8,000 அட்வான்ஸ் கட்டிய பிறகு, "நான் வரலை" என்கிறான். முழங்காலுக்குக் கீழே வலி என்கிறான், நடிப்பு என்று நினைக்கிறேன். தட்டில் வைத்ததைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுகிறான். ஆட்டோ ஓட்டுபவர் மகள் காசிமா கேரமில் உலக சாம்பியன் ஆகவில்லையா? குகேஷின் அப்பா டாக்டர் வேலையை விட்டுவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போகவில்லையா? இவனை மறுபடியும் எப்படி உற்சாகப்படுத்துவது?
(பெயர் வேண்டாம், கொடுங்கையூர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் உங்கள் மகன் எந்த ஊரில் எத்தனை கோல் போட்டான், எந்த கம்பெனி பூட்ஸ், எந்த கோச் தோளில் தட்டிக்கொடுத்தார் என்று எல்லாம் இருக்கிறது. மகளைப் பற்றி இரண்டே வரி. பத்தாவது படிக்கிறாள். முட்டை பிடிக்காது.

எப்போதிலிருந்து பிடிக்காது?

இது தெரியாமல் மகனைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. சின்ன வயதில் சாப்பிட்டாளா? பள்ளிச் சத்துணவில் வாரம் 5 நாள் முட்டை போடுகிறார்கள், பத்தாவது வரைக்கும் உண்டு. அங்கே வாங்கிச் சாப்பிடுகிறாளா, பக்கத்துப் பெண்ணுக்குத் தள்ளிவிடுகிறாளா? அவள் தோழி யாரையாவது கேட்டால் தெரிந்துவிடும். பிறந்ததிலிருந்தே அந்த வாடை ஆகாது என்றால் நான் எழுதப்போவதில் பாதியை நீங்கள் ஒதுக்கிவிடலாம்.

ஆனால் இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. செஸ், ஸ்கேட்டிங், பேட்மின்டன், கராத்தே, எதுவாக இருந்தாலும் சரி. ஒரு பிள்ளைக்கு வெளியூர்ப் போட்டி தொடங்கிய பிறகு இன்னொரு பிள்ளைக்கு ஒவ்வொன்றாகப் பிடிக்காமல் போகிறது. ஒருத்திக்குப் பால் பிடிக்காது. ஒருவனுக்குத் தீபாவளிக்குப் புதுச் சட்டை பிடிக்காது. ஒரு பெண்ணுக்கு டியூஷன் வாத்தியாரே பிடிக்காமல் போனார், இரண்டு மாத ஃபீஸ் பாக்கி விழுந்த பிறகு. அதை எழுதும் அப்பா அம்மாக்களின் தொனியும் ஒன்றுதான்: நல்லவேளை, அவள் புரிந்து நடந்துகொள்கிறாள்.

ஒரு ட்ரேயில் 30 முட்டை. தினம் நான்கு அவனுக்கு என்றால் எட்டாம் நாள் காலி. நடுவில் அவள் ஒன்று எடுத்தால் ஒன்று குறையும், அம்மா முந்தானையில் முடிந்துவைத்த காசு வெளியே வரும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு வராதா? போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிடிக்காது என்று சொல்லியிருப்பாள். நீங்கள் மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தப் பதில் உங்களுக்கு வசதியாக இருந்தது.

நானும் ஒரு கணக்குப் போடுகிறேன். முட்டை 7 ரூபாய் என்றே வையுங்கள். கோவாவுக்கு ஆகும் 22,000 ரூபாய்க்கு 3,100 முட்டைக்கு மேல் வரும். உங்கள் மகள் தினம் இரண்டு சாப்பிட்டாலும் நான்கு வருஷம் தாண்டும். நான் சொல்வது ஒரே ஒரு டோர்னமென்ட் காசு. வருஷத்துக்கு மூன்று, நான்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அவளும் வளர்கிற பிள்ளைதான். மாதாமாதம் ரத்தம் போகிற உடம்பு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பொதுத்தேர்வு வருஷம் வேறு. நல்ல சாப்பாடு கோல் போடுகிறவனுக்கு மட்டும்தான் என்று யார் உங்களுக்குச் சொன்னது? கோச்சா? அவருக்கு உங்கள் வீட்டில் இன்னொரு பிள்ளை இருப்பது தெரியுமா?

என் கட்சியை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சோறு எல்லாருக்கும் பொது. திறமை இருக்கிற பிள்ளைக்குக் கூடுதலாக நேரம் கொடுக்கலாம், பூட்ஸ் வாங்கித் தரலாம், வெயிலில் கூட நிற்கலாம். கூடப்பிறந்தவள் தட்டிலிருந்து எடுத்து அவன் தட்டில் வைக்க எந்த அப்பாவுக்கும் உரிமை கிடையாது. அவளாக விட்டுக்கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அந்த வயதில் விட்டுக்கொடுக்கிற பிள்ளையைத் தடுப்பதுதான் பெற்றவர்கள் வேலை. நாளைக்கு உங்களுக்கு மருந்து வாங்கித் தரப்போவது மகள்தான் என்று சிலர் வாதம் செய்வார்கள். அப்படி லாபம் பார்த்துப் பெண்பிள்ளைக்குச் சோறு போடுவதும் எனக்குப் பிடிக்காது.

சரி, மகனுக்கு வருகிறேன். தட்டில் வைத்ததைப் பாதியில் விட்டுவிட்டு எழுகிறான் என்கிறீர்கள். அவனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது யார்? அவன் தட்டில் நான்கு முட்டை, அக்கா தட்டில் ரசமும் அப்பளமும். விங்கில் ஆடுகிறவனுக்கு யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்குப் பந்து வரவில்லை என்று பார்ப்பதுதான் வேலை. வீட்டுக்குள் மட்டும் பார்க்காமல் இருப்பானா? அம்மா குழுக் கூட்டத்துக்குப் போகும்போது முகம் எப்படி இருக்கிறது, நீங்கள் லீவு போட்ட மாதம் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள், எல்லாம் அவனுக்குத் தெரியும். கோவாவில் அவனை பெஞ்சில் உட்கார வைத்தால் இவ்வளவும் வீண். அந்தப் பயத்தோடு ரயில் ஏறுவதைவிட வரலை என்று சொல்வது சுலபம். இது என் ஊகம், தப்பாகவும் இருக்கலாம். ஆனால் விருப்பம் போய்விட்டது என்ற உங்கள் ஊகத்தைவிட இது நம்பும்படி இருக்கிறது.

முழங்கால் வலியை நடிப்பு என்று எழுதியதற்கு உங்களை நேரில் பார்த்தால் திட்டியிருப்பேன். விறுவிறுவென்று வளர்கிற வயதில் அதிகமாக ஓடி, உதைத்து ஆடும் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே தசைநார் எலும்போடு சேரும் இடத்தில் வலி வருவது சாதாரணம். ஆட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வலியோடு ஆடச் சொன்னால் இழுத்துக்கொண்டே போகும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள், காசு ஆகாது.

அடுத்து உங்கள் உதாரணங்கள். காசிமா நம் புது வண்ணாரப்பேட்டைப் பெண். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம். 2008இல் உலக சாம்பியன் ஆன இளவழகி உங்களுக்கு அடுத்த வியாசர்பாடி. வடசென்னையில் கேரம் கற்க ஊர் தாண்ட வேண்டியதில்லை, தெருவுக்குத் தெரு போர்டு கிடக்கிறது. இந்தப் பெண்கள் இங்கே ஆடி, ஜெயித்து, இந்திய அணிக்கு எடுத்த பிறகு விமானம் ஏறியவர்கள். நீங்கள் முதலில் டிக்கெட் எடுத்துவிட்டு ஜெயிப்பதற்குக் காத்திருக்கிறீர்கள்.

குகேஷின் அப்பா வேலையை விட்டது உண்மை. அம்மா பத்மா மைக்ரோபயாலஜிஸ்ட், அவர் சம்பளம் வீட்டைத் தாங்கியது. அதைவிட முக்கியம், செஸ்ஸில் கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கு நார்ம் வாங்க வேண்டும். பட்டம் பெற்றவர்களோடு, வேறு நாட்டு ஆட்டக்காரர்களோடு ஆடினால்தான் அது கிடைக்கும், விதியே அப்படி. அவர்கள் ஊர் ஊராகப் போனது அதனால். 13 வயது ஃபுட்பாலில் அப்படி எந்த விதியும் இல்லை. அந்த வயதில் வேண்டியது கால் நிறையப் பந்து. கோவா போக ஒரு நாள், வர ஒரு நாள் ரயிலில் உட்கார்ந்திருக்கிறான். அங்கே போயும் பாதி நேரம் அடுத்த மேட்சுக்குக் காத்திருக்கிறான். அந்த நாட்களில் வியாசர்பாடி கிரவுண்டில் இருந்தால் அதைவிடப் பல மடங்கு பந்தைத் தொட்டிருப்பான். அதே வியாசர்பாடியிலிருந்து போன தன்பால் கணேஷ் 2017-18இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் இருந்தார், இந்திய அணிக்கும் ஆடினார். அடுத்த சீசனை முழங்கால் காயம் கொண்டுபோய்விட்டது. அவ்வளவு தூரம் போனவருக்கே ஒரு முழங்கால்தான் எல்லாமும். உங்கள் மகனின் முழங்காலை நடிப்பு என்கிறீர்கள்.

அப்புறம் நார்வே. அங்கே 13 வயதுக்கு முன்னால் பிள்ளைகளை தேசிய சாம்பியன்ஷிப்பில் ஆடவிடுவதில்லை. ஃபுட்பாலில் கோல் மேல் கோல் போடுகிற ஹாலாண்ட் வந்தது அந்த ஊரிலிருந்துதான்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் எடுப்பார்கள் என்ற எண்ணம் உங்கள் மனதில் ஓடுகிறது, பெரம்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு ஓடாமல் இருக்காது. தமிழக அரசு வேலையில் 3 சதவீதம் விளையாட்டு வீரர்களுக்கு உண்டு. ஆனால் அதற்கெல்லாம் அங்கீகாரம் பெற்ற சங்கங்களும் சம்மேளனங்களும் நடத்தும் போட்டிகளின் சான்றிதழ்தான் செல்லும். காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்ற தனியார் டோர்னமென்டில் வாங்கிய கோப்பையை ஷோகேஸில் வைக்கலாம். அகாடமிக்குப் போய், இந்தக் கோவாப் போட்டியை எந்தச் சங்கம் அங்கீகரித்திருக்கிறது, எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். பதில் வளவளவென்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்களும் சின்ன வயதில் ஏரியா டீமில் ஆடியவர் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வயதுக்காரர்கள் ஆடுகிற கிரவுண்ட் பக்கத்திலேயே இருக்கும். போய் ஆடுங்கள், வயிறும் குறையும்.

கோவா வேண்டாம். அட்வான்ஸ் 8,000 போனால் போகட்டும். கோச்சிடம் நீங்களே சொல்லுங்கள், பையனை அனுப்பிச் சொல்ல வைக்காதீர்கள். டீமில் இடம் போய்விடும் என்று மிரட்டுவார். போகட்டும். கால் சரியானதும் அவன் பழைய கிரவுண்டுக்குத் திரும்பட்டும், பள்ளி டீமில் ஆடட்டும், முதலமைச்சர் கோப்பைக்குப் பெயர் கொடுக்கட்டும். உண்மையிலேயே அவனுக்கு வெறி இருந்தால் அரசு விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்ப்பதற்குத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள், தங்குவது, சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். அவனாக வந்து கேட்டால் மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்றைக்கு ராத்திரியே செய்ய வேண்டியது ஒன்று. மகளிடம் போய் "உனக்கு முட்டை பிடிக்குமா" என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வாள், நன்றாகப் பழகியிருக்கிறாள். எதுவும் பேசாமல் இரண்டு தட்டிலும் இரண்டிரண்டு வையுங்கள். ஒதுக்கி வைத்தால் நாளைக்கும் வையுங்கள். தம்பிக்குக் கொடு என்று தள்ளினால், அவனுக்கு அவனுடையது இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து, பத்தாவது முடித்து என்ன படிக்கப்போகிறாய் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவள் பேசி முடிக்கும் வரைக்கும் உட்காருங்கள்.

உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று நான்கு பக்கத்தில் ஒரு வரி இல்லை. குழுக் கடன் அவர் பெயரில் இருக்கிறது. இன்னும் கட்டாத 14,000 ரூபாயை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தவணை கட்டுவதா, வேறு எதற்காவது வைத்துக்கொள்வதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நடுவில் புகுந்து யோசனை சொல்லாதீர்கள்.