மலைக்குப் போகிற சைக்கிள்: நுகர்வோர் கேள்வி-பதில்

ஏலகிரி, ஜவ்வாது, நீலகிரி என்று சைக்கிளோடு கிளம்புகிறவர்களின் கடிதங்கள் நிறைய சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கே இடம்.

கேள்வி (வேளச்சேரி): ஜவ்வாது மலையில் ஒரு நாள் முழுக்க ஜல்லி ரோட்டிலும் ஒற்றையடிப் பாதையிலும் ஓட்ட ஆசை. ஒரு கடையில் ‘21 கியர் சார், எந்த மலையும் ஏறும்’ என்கிறார்கள். இன்னொரு கடையில் 12 கியர் வண்டிக்கு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். கியர் குறைந்தால் விலை எப்படிக் கூடும்?

பதில்: கியர் எண்ணிக்கையைச் சொல்லி சைக்கிள் விற்கிற பழக்கம் ஒழிந்தாலே பாதிப் பேர் ஏமாறாமல் தப்பிப்பார்கள். 21 என்பது முன்னால் 3, பின்னால் 7, இரண்டையும் பெருக்கி வந்த கணக்கு. அதில் பல கியர்கள் ஒன்றோடொன்று கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். மலைக்கு வேண்டியது ஒரே ஒரு கியர்தான்: முன்னால் இருப்பதில் மிகச் சிறிய பல்சக்கரம், பின்னால் இருப்பதில் மிகப் பெரியது. கடையிலேயே குனிந்து பல்லை எண்ணுங்கள்.

நகர ரோட்டுக்கும் லேசான மண்ரோட்டுக்கும் பொதுவான 21 கியர் ஹைபிரிட் வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் 28 பல், பின்னால் 28 பல் இருக்கும். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய 2.2 மீட்டர் நகரும். 29 அங்குலச் சக்கரமும், முன்னால் 32 பல்லும், பின்னால் 51 பல்லும் உள்ள 12 கியர் எம்டிபியில் (மலைப்பாதை சைக்கிளில்) அதே ஒரு சுற்றுக்கு 1.45 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முதல் வண்டி மணிக்கு 8 கிலோமீட்டர் போகும், இரண்டாவது 5-க்குச் சற்று மேல். மெதுவாகப் போவதுதான் இங்கே லாபம். ஒரே ஏற்றத்தில், ஒரே மிதி வேகத்தில், காலுக்கு மூன்றில் ஒரு பங்கு சுமை குறைகிறது. 10 சதவீத ஏற்றத்தில் முதல் வண்டியை ஓட்டுகிறவர் நின்று மிதிப்பார். ஜல்லியில் நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மேல் இருக்கும் எடை குறைந்து சக்கரம் வழுக்கும். பிறகு இறங்கித் தள்ள வேண்டியதுதான். ரோடு வண்டிகளில் இருக்கும் முன்னால் 34, பின்னால் 32 பல் இதைவிட மோசம்.

சென்னையில் நமக்கு மேம்பாலம்தான் மலை. அதில் ஓட்டிப் பார்த்து ‘நன்றாக ஏறுகிறது’ என்று முடிவு செய்யாதீர்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஸ்பிரிங் இருக்கிறதே என்றும் மயங்க வேண்டாம். மலிவு வண்டிகளில் வருகிற ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டரைக் கிலோ கனக்கும். அமுங்கினால் தடாலென்று திரும்பும், கல்லில் பிடியும் கிடைக்காது. அந்த விலையில் ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கும் 40 மில்லிமீட்டர் டயரும் மேல். தேயிலைத் தோட்டத்து மண்ரோடுதான் அதிகம் என்றால் ரோடு வண்டி போலவே இருந்து அகல டயர் போட்ட கிராவல் பைக் போதும். வேரும் பாறையும் உள்ள ஒற்றையடிப் பாதை பாதிக்கு மேல் இருந்தால் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றில் 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க் உள்ள எம்டிபி வாங்குங்கள். எதை எடுத்தாலும் மாடல், ஆண்டு, ஃபிரேம் எண் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி (அண்ணா நகர்): நவம்பர் 2025-இல் வாங்கிய சாதாரண சைக்கிளுக்கு 12 சதவீத ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சரியா?

பதில்: தவறு. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பில்லோடு போய் மீதியைக் கேளுங்கள்.

கேள்வி (பெரம்பூர்): கிராவல் பைக் என்றே சொல்லி விற்றார்கள். எட்டாம் மாதம் ஃபிரேமில் பெடல் அச்சுக்குப் பக்கத்து வெல்டிங்கில் விரிசல். ‘மண்ரோட்டில் ஓட்டியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்கிறார்கள். கடன் வாங்கி வாங்கிய வண்டி.

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. கிராவல் என்று பெயர் வைத்து விற்ற வண்டியை மண்ரோட்டில் ஓட்டியதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். விரிசலைத் தேய்க்கவோ வெல்டிங் வைக்கவோ கூடாது, அதுதான் உங்கள் சாட்சி. பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் பொறித்த ஃபிரேம் எண்ணையும் எடுங்கள். பில், வாரண்டி அட்டை, ‘கிராவல்’ என்று எழுதிய விளம்பரம் மூன்றின் நகலோடு கடைக்கும் தயாரிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் 15 நாள் கெடு கொடுத்து எழுதுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கும் பேசிப் புகார் எண் வாங்குங்கள்.

கெடு கடந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கண்டு பயப்படாதீர்கள். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதையும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகப் பழக்கம் என்கிறது. அதற்கான கெடு பில்லில் சொன்ன நாள், சொல்லாவிட்டால் 30 நாள். உங்களுக்கு அந்தக் கெடு கடந்திருந்தாலும் குறைபாட்டுப் புகாரும் வாரண்டி உரிமையும் அப்படியே இருக்கின்றன.

கேள்வி (அடையாறு): பழைய கார்பன் சக்கரம் ஒன்றை பில் இல்லாமல் வாங்கினேன். டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ஹுக்லெஸ் ரிம்மாம். 28 மில்லிமீட்டர் டயர் போட்டு 90 பிஎஸ்ஐ காற்று அடித்தேன், டயர் தெறித்துவிட்டது. யாரிடம் புகார் செய்வது?

பதில்: யாரிடமும் முடியாது. ஹுக்லெஸ் ரிம்முக்கு உச்சவரம்பு 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐ. ரிம்மிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். படிக்காமல் காற்று அடித்தீர்கள், பில்லும் கேட்கவில்லை. மலைப்பாதை இறக்கத்தில் தெறித்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. முள் பொய் சொல்லும் மலிவு பம்பு ஒன்றை நானும் வாங்கியிருக்கிறேன். ஆகவே காற்று அளவு பார்க்கத் தனி மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தாம்பரம்): ஏலகிரியில் இறங்கும்போது டிஸ்க் பிரேக் கத்தியது, பாதி வழியில் பிடிப்பும் குறைந்தது. கடையில் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்ற வேண்டாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை விடாமல் பிடித்தால் டிஸ்க்கைக் கவ்வும் ரெசின் பேட் சூட்டில் பளபளவென்று கண்ணாடியாகிவிடும். பேடைக் கழற்றி உப்புத்தாளில் மேல்தோலை மட்டும் தேயுங்கள். டிஸ்க்கை ஐசோபுரோபில் ஆல்கஹாலால் துடையுங்கள். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க்கில் பட்டு எண்ணெய் பேடில் ஊறியிருந்தால் மட்டும் புதுப் பேட். பிறகு பேட் டிஸ்க்கில் படிவதற்காகச் சமதளத்தில் 20 தடவை, ஓரளவு வேகத்திலிருந்து சக்கரம் சிக்காமல் மெதுவாக்குங்கள், முழுக்க நிறுத்த வேண்டாம். மலையில் வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, வளைவில் விட்டுவிடுங்கள். எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்றால் ஊற்ற வேண்டியது மினரல் ஆயிலா டாட் ஆயிலா என்று லீவரிலேயே எழுதியிருக்கும். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதி வீணாகும்.

கேள்வி (மயிலாப்பூர்): நீலகிரியில் ‘தேயிலை, சோலைக்காடு, புல்வெளி, ஒரே நாளில் 60 கிலோமீட்டர்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து நான்கு பேர் பணம் கட்டினோம். காட்டு எல்லையில் வனக்காவலர்கள் நிறுத்திவிட்டார்கள். மீதி நாள் முழுக்கத் தார்ரோடு. நடத்தியவர் பணம் திருப்ப மறுக்கிறார்.

பதில்: காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அதை வாங்குவது அவர் பொறுப்பு. அனுமதி இல்லாமலே விளம்பரம் செய்தது சேவைக் குறைபாடு. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வழக்குக்காக ஊட்டிக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடமான சென்னையிலேயே மனு போடலாம். அடுத்த முறை பணம் கட்டுமுன் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். கேட்காமல் உள்ளே போய் மாட்டினால் வழக்கு உங்கள் மேலும் பாயும்.

கேள்வி (போரூர்): ஒரு நாள் சவாரிக்குக் கையில் என்ன வைத்துக்கொள்வது? டியூப்லெஸ் டயர், அதனால் பஞ்சர் கவலை இல்லை.

பதில்: கவலை உண்டு. கூரான கல் பக்கவாட்டில் கிழித்தால், ஓட்டை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலண்ட் திரவம் அடைக்காது. ஒரு டியூப், டயருக்கு உள்ளே வைக்கத் தடித்த துண்டு, ஓட்டையில் செருகும் பிளக், பம்பு வேண்டும். 40 மில்லிமீட்டர் டயருக்கு சீலண்ட் 60 மில்லி. சென்னை வெயிலில் அது சீக்கிரம் காயும், இரண்டு மாதத்துக்கொரு முறை திறந்து பாருங்கள். அறுந்த செயினை இணைக்க, உங்கள் வண்டியின் பின்பக்கக் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் குயிக் லிங்க் ஒன்று, செயின் கட்டர், 4, 5 மில்லிமீட்டர் ஆலன் கீ. எல்லாவற்றுக்கும் மேலாக டீரெய்லர் ஹேங்கர், அதாவது பின்னால் கியர் மாற்றும் டீரெய்லரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் சிறு துண்டு. வலப்பக்கமாக வண்டி ஒருமுறை சாய்ந்தாலே அது வளையும், வளைந்தால் கியர் மாற்றும்போது டீரெய்லர் சக்கரத்தின் ஆரக்கம்பிக்குள் போய் சக்கரத்தையே முறிக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் அது வேறு, மலையில் எந்தக் கடையிலும் கிடைக்காது. வண்டி வாங்கும் அன்றே இரண்டு வாங்கிவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் இரண்டு லிட்டர் கொள்ளும் சொந்த பாட்டில்கள் தேவை.

ரயிலில் பார்சலாக அனுப்பினால் பெடலைக் கழற்றுங்கள். இடது பெடல் மறை எதிர்ப்பக்கம், முன்சக்கரத்தை நோக்கி மேலாகத் திருப்பினால் இறுகும். டீரெய்லரையும் ஹேங்கரிலிருந்து அவிழ்த்துத் துணி சுற்றி ஃபிரேமோடு கட்டுங்கள்.