ஹார்ப் வாசித்து வாழ முடியுமா? கேள்வி பதில்

மேற்கத்திய செவ்வியல் இசையில், நிமிர்த்தி வைத்து இரு கைகளாலும் மீட்டும் ஹார்ப் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை வாசிப்பவர்களின் தொழிலைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பியானோ கற்றுக்கொண்டிருந்தவள், இப்போது ஹார்ப்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். இதுவரை பியானோவுக்குச் செலவழித்தது வீணா மேடம்?

ஒரு ரூபாய்கூட வீணில்லை அம்மா. ஹார்ப்புக்கான இசைக்குறிப்பும் பியானோவுக்கு உள்ளதுபோல இரண்டு வரிசையில்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த பிள்ளை வேகமாக முன்னேறும். காலால் மிதிக்கும் பெடல் இல்லாமல், சுரத்தை மாற்றக் கையால் திருப்பும் லீவர் கொண்ட சின்ன ஹார்ப்பில் தொடங்கட்டும். வயதைப் பற்றியும் கவலை வேண்டாம். பிரான்சின் ஆன்ரியத் ரெனியே பத்து வயதில் பாரிஸ் கன்சர்வத்வார் என்ற இசைக் கல்லூரியில் சேர்ந்து, 1887இல் பதினோரு வயதில் முதல் பரிசு வாங்கினார். பெடல் வரை கால் எட்டாததால், அவருடைய அப்பா அதற்கென்று தனியாக நீட்டிப்புக் கட்டைகள் செய்து கொடுத்தாராம். அதெல்லாம் அபூர்வம். உங்கள் மகள் நிதானமாகவே வரட்டும்.

கேள்வி: ஒரு ஆர்கெஸ்ட்ராவில் ஹார்ப்புக்கு எத்தனை வேலை இருக்கும்?

பெரும்பாலும் ஒன்று. பெரிய குழுக்களில் இரண்டு. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் சீக்கிரம் எழுந்திருக்கவும் மாட்டார். பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 1930இல் தொடங்கியபோது சேர்ந்த சிடோனி கூசன்ஸ், சுமார் ஐம்பது ஆண்டுகள் அங்கேயே வாசித்தார். அவருக்குப் பின்னால் காத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். பீத்தோவனின் சிம்பொனிகளிலும் பிராம்ஸின் சிம்பொனிகளிலும் ஹார்ப்பே கிடையாது. அந்த வாரங்களில் வேலை இல்லை. மாறாக வாக்னரின் 'ரிங்' ஓபராக்களுக்கு, அதாவது பாடி நடிக்கும் இசை நாடகங்களுக்கு, ஆறு ஹார்ப் வேண்டும். அப்போது வெளியிலிருந்து ஆள் கூப்பிடுவார்கள். இப்படிக் கூப்பிட்ட நேரத்தில் போய் வாசித்துப் பெயர் எடுத்தவர்களுக்கே பிறகு நிரந்தர இடத்துக்கும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: அக்கா, கல்லூரியில் இசை படிக்கிறேன். ஆர்கெஸ்ட்ரா வேலைக்கு வாசித்துக் காட்டும் தேர்வான ஆடிஷனில் என்னதான் பார்ப்பார்கள்? ஹார்ப் என்றால் விரலால் வருடுவதுதானே?

வருடலுக்கு முன்னால் நடப்பதைத்தான் பார்ப்பார்கள் தம்பி. ஹார்ப்பில் 47 தந்திகள், ஏழு பெடல்கள். இடது காலுக்கு மூன்று, வலது காலுக்கு நான்கு. சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்ற ஏழு சுரங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெடல். ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலை: ஃபிளாட் (அரைச்சுரம் கீழே), நேச்சுரல் (இயல்பு), ஷார்ப் (அரைச்சுரம் மேலே). செபாஸ்தியன் எரார் 1810இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் இருக்கிறது.

ஒரு உதாரணம். சி-யை ஃபிளாட் ஆக்கினால் அது பி-யாக ஒலிக்கும். இ-யை ஷார்ப் ஆக்கினால் எஃப். ஜி-யை ஷார்ப்பும் ஏ-யை ஃபிளாட்டும் ஆக்கினால் இரண்டும் ஒரே சுரம். டி, எஃப், பி மூன்றையும் நேச்சுரலில் விட்டுவிடுங்கள். இப்போது வரிசையாக எல்லாத் தந்தியையும் வருடினாலும் பி, டி, எஃப், ஜி ஷார்ப் என்று நான்கே சுரங்கள் கேட்கும். கேட்பவர் கையைப் பார்த்து மயங்குவார். நான்கு பெடல்களைச் சத்தமில்லாமல் நகர்த்திய காலை யாரும் பார்ப்பதில்லை.

ஆடிஷனுக்கு சைகோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பூக்களின் வால்ட்ஸ் தொடக்கத்தில் வரும் தனி வாசிப்பு அடிக்கடி கேட்கப்படும். பெர்லியோஸின் 'சிம்பொனி ஃபாண்டாஸ்டிக்' இரண்டாம் பகுதியும் தயாராக இருக்கட்டும். வேகத்தைவிடத் தாளம் முக்கியம். நாற்பது அளவு (தாளச் சுற்று) சும்மா இருந்துவிட்டு, சரியான இடத்தில் ஒரே ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, மீட்டத் தெரிகிறதா என்பதில்தான் வேலை நிற்கும். அளவுகளை எண்ணப் பழகு.

கேள்வி: ஹார்ப் பெண்களின் வாத்தியம் என்கிறார்களே?

இந்தப் பேச்சு எனக்கு வருத்தம் தருவது. கிரஞ்சனி, சல்சேடோ, சபலேத்தா என்று பெரிய ஆண் கலைஞர்கள் வரிசையாக இருக்கிறார்கள். ஆனால் வரவேற்பறையில் சீமாட்டிகள் வாசிக்கும் வாத்தியம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் ஊறிப்போயிருந்தது. அதனாலேயே பெண்களுக்கு மூடியிருந்த ஆர்கெஸ்ட்ராக்களில் முதலில் நுழைந்தவர்கள் பல இடங்களில் ஹார்ப் கலைஞர்கள். லிலி லஸ்கீன் 1909இல் பதினாறு வயதில் பாரிஸ் ஓபரா ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தார். எட்னா பிலிப்ஸ் 1930இல் ஃபிலடெல்பியாவில்.

ஆனால் நுழைய விடுவது வேறு, சமமாக நடத்துவது வேறு. வியன்னா ஃபில்ஹார்மோனிக்கில் அன்னா லெல்கெஸ் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாசித்தும் முறையான உறுப்பினர் ஆகவில்லை. 1997இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆர்கெஸ்ட்ராவின் முதல் பெண் உறுப்பினர் அவரே. இத்தனை காலம் அவர் வாசிப்பை வாங்கிக்கொண்டு, பெயரை மட்டும் வெளியே நிறுத்தியது அநியாயம்.

கேள்வி: தனிக் கச்சேரிக் கலைஞராக மட்டும் வாழ முடியாதா?

முடியும், ஆனால் பாட்டையும் நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். ஹேண்டலின் கான்செர்ட்டோ (தனி வாத்தியம் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு), புல்லாங்குழலோடு சேர்த்து மொசார்ட் 1778இல் எழுதியது, டெபுஸ்ஸி, ராவெல் என்று அடிக்கடி மேடையேறுபவை கொஞ்சம்தான். நிக்கனோர் சபலேத்தா தனக்காகப் பல படைப்புகளை எழுத வைத்தார். ஹினஸ்தெராவின் கான்செர்ட்டோவை 1965இல் முதலில் அரங்கேற்றியதும் அவர்தான். சவியே த மேஸ்தர் வியன்னா ஃபில்ஹார்மோனிக் வேலையை விட்டு வெளியே வந்தவர். ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதப்பட்ட ஸ்மெத்தனாவின் 'மோல்டாவ்' முழுவதையும் ஒற்றை ஹார்ப்பில் வாசிக்கிறார். வேல்ஸின் காட்ரின் ஃபின்ச், செனகலின் செக்கூ கெய்ட்டாவின் கோரா என்ற மேற்கு ஆப்பிரிக்கத் தந்தி வாத்தியத்தோடு சேர்ந்து வேறொரு பாதை போட்டார். எனக்கு மிகவும் பிடித்த கூட்டணி அது.

கேள்வி: கல்யாணம், ஹோட்டல் என்று வாசித்தால் மதிப்பு குறையுமா?

குறையாது. நிரந்தர வேலை இல்லாதவர்களின் வருமானத்தில் பெரும்பங்கு சொல்லிக்கொடுப்பதிலும் இந்த மாதிரி நிகழ்ச்சிகளிலும்தான் வருகிறது. ஒப்புக்கொள்ளும்போது கறாராக இருங்கள், அவ்வளவுதான். வாத்தியம் சுமார் நாற்பது கிலோ. மாடிப்படி உண்டா, லிஃப்ட் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். திறந்தவெளி என்றால் நிழலும் சமதரையும் வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். நடுப்பகுதித் தந்திகள் விலங்குக் குடலால் ஆனவை. ஈரக்காற்று பட்டாலே சுருதி நழுவும். கூட்டம் வந்து சத்தம் ஏறிவிட்டால் சுருதி சேர்க்கவே முடியாது, அதனால் ஒரு மணி நேரம் முன்னதாக இடத்தைத் திறந்துவிடச் சொல்லுங்கள். அந்த நேரத்தையும் ஏற்றி இறக்கும் கூலியையும் சேர்த்தே தொகை பேசுங்கள். மாற்றுத் தந்திகள் ஒரு செட் எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும்.