விரிசல் எப்போது விழுந்தது?

கேள்வி: ஐயா, கான்கிரீட் தளம் போட்ட மூன்று மணி நேரத்திலேயே மேற்பரப்பில் மயிரிழை விரிசல்கள். சுருக்கம் குறைக்கும் ரசாயனம் கலந்திருந்தால் தவிர்த்திருக்கலாமா?

பதில்: இது கலவை இறுகுவதற்கு முன்பே விழுந்த விரிசல். உள்ளிருந்து கசிந்து மேலே வரும் நீரைவிட வேகமாக வெயிலும் காற்றும் அதை உறிஞ்சிவிட்டன. சதுர மீட்டருக்கு மணிக்கு 1 கிலோவுக்கு மேல் நீர் ஆவியானால் ஆபத்துதான். இங்கே உதவுவது கலவையில் சேர்க்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழையான பாலிபுரோப்பிலீன் நார். கன மீட்டருக்கு 0.6 முதல் 0.9 கிலோ போதும். மட்டம் செய்தவுடன் பிளாஸ்டிக் விரிப்பால் மூடியும் வையுங்கள்.

கேள்வி: நார் போட்டால் கம்பியைக் குறைக்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: அப்படியானால் அந்த ரசாயனம் எதற்கு?

பதில்: வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காயும்போது வரும் சுருக்கத்துக்கு. நீரில் முக்கியெடுத்த தூரிகையின் மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட்டின் நுண்துளைகளில் பாதி வற்றிய நீரும் அப்படித்தான் சுவர்களை உள்ளே இழுக்கிறது. கிளைக்கால் ஈதர் வகை ரசாயனங்கள் நீரின் பரப்பு இழுவிசையைத் தளர்த்துகின்றன. சிமெண்ட் எடையில் 1 முதல் 2 சதவீதம் சேர்ப்பது வழக்கம். அந்த அளவுக்குக் கலவை நீரைக் குறைத்துவிட வேண்டும். 6 மீட்டர் தளம் 0.06 சதவீதம் சுருங்கினால் 3.6 மில்லிமீட்டர். ரசாயனம் அதைப் பாதியாக்கினாலும் 1.8 மிச்சம், ஆகவே விரிசலை ஓரிடத்தில் அடக்கத் தளத்தில் போடும் இணைப்பு வெட்டுகளை விட்டுவிட முடியாது. இறுகுவது சற்றுத் தாமதமாகும், வலிமையும் கொஞ்சம் குறையலாம். முதலில் சோதனைக் கலவை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: விரிவடையும் சேர்மானம் இதைவிடச் சிறந்ததா?

பதில்: அது வேறு வழி. கலவைக்குள் எட்ரிங்கைட் எனும் ஊசி போன்ற படிகங்கள் வளர்ந்து கான்கிரீட்டை முதலில் சற்று உப்பவைக்கும். கம்பி அதைப் பிடித்து நிறுத்தினால்தான் பலன். தொடக்க நாட்களில் தாராளமாக நீரும் வேண்டும்.

கேள்வி: கலவை கெட்டியாக இருக்கிறதென்று கொத்தனார் மூட்டைக்கு ஐந்து லிட்டர் கூடுதலாக ஊற்றுகிறார். பரவாயில்லையா?

பதில்: 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டர் நீர் என்றால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.5. ஐந்து லிட்டர் கூடினால் 0.6. அந்த உபரி நீர் வெளியேறும்போதுதான் சுருக்கம் கூடுகிறது. விலை கொடுத்து ரசாயனம் வாங்கி, அதன் பலனை வாளித் தண்ணீரில் கரைத்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இளக்கம் வேண்டுமானால், நீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ரசாயனம் கலந்தாயிற்று. நீராற்றும் நாட்களைக் குறைக்கலாமா?

பதில்: ஒரு நாள்கூட வேண்டாம். குறைந்தது ஏழு நாள், தளத்தின்மேல் விரித்த ஈரச் சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.