தண்டவாளத்தை ஒட்டிய ஓய்வுக்கால வீடு

கேள்வி: முதியோர் குடியிருப்பில் எங்களுக்குப் பிடித்த வீடு ரயில் பாதையை ஒட்டியிருக்கிறது. சத்தம் பழகிவிடும் என்கிறார்கள், நம்பி வாங்கலாமா?

பதில்: பகல் சத்தம் பலருக்கும் பழகிவிடும், இரவுச் சத்தத்தை அப்படி நம்பிவிடாதீர்கள். வயது கூடக்கூட உறக்கம் இலேசாகிவிடுவதால், பின்னிரவில் கடக்கும் ஒரு சரக்கு ரயிலே எழுப்பிவிடக்கூடும். உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரவு நேர ரயில் இரைச்சலின் சராசரி 44 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் சராசரிக் கணக்கில் ஒற்றை ஹாரன் ஒலி கரைந்துபோகும் என்பதால், அருகில் லெவல் கிராசிங்கோ கூர்மையான வளைவோ உண்டா என்று அவசியம் பாருங்கள். முடிந்தால் ஓரிரவு தங்கி, படுக்கையறை ஜன்னலைத் திறந்தும் மூடியும் கேளுங்கள். ரயில் போகும்போது தம்ளரில் உள்ள தண்ணீர் நடுங்கினால், தரை வழியே வரும் அந்த அதிர்வை இரட்டைக் கண்ணாடி ஜன்னல் தடுக்காது. அதே வளாகத்தில் பாதைக்குப் பின்புறம் காட்டி நிற்கும் வீடு கிடைத்தால், நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.