உணவுச் சங்கிலிக்கும் உணவு வலைக்கும் என்ன வேறுபாடு?

மலேசியாவில் குளுவாங் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில், கம்பத்தின் மேல் மரப்பெட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கூகை என்ற ஆந்தை குடியிருக்க வைத்த பெட்டி அது. அங்கிருந்தே தொடங்கலாம்.

செம்பனை வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. எலி பழத்தைக் கொறிக்கிறது, கூகை எலியை விழுங்குகிறது. இது சங்கிலி. ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி ஆற்றல் வெப்பமாகக் கழிந்துபோய், அடுத்த படிக்குச் சேர்வது சுமார் 10 விழுக்காடுதான். அதனால்தான் எலி ஏராளம், கூகை கொஞ்சம்.

ஆனால் இயற்கையில் ஒற்றைச் சங்கிலி தனியாக இருப்பதில்லை. எலியை நாகமும் மலைப்பாம்பும் சிறுத்தைப் பூனையும்கூடத் தின்னும். எலியும் பழத்தோடு மட்டும் நிற்கிறதா? 1981இல் கேமரூனிலிருந்து மலேசியாவுக்குக் கொண்டுவந்த ஒரு சிறு வண்டுதான் இங்கே செம்பனைக்கு மகரந்தச் சேர்க்கை செய்கிறது. அதன் புழுக்கள் ஆண் பூங்கொத்தில் வளரும். எலி அவற்றையும் தோண்டித் தின்றுவிடும். ஆக, கூகை ஓர் எலியைப் பிடித்தால் பழமும் தப்புகிறது, வண்டும் தப்புகிறது! இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இப்படிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடப்பதுதான் உணவு வலை. விழுந்த மட்டையை மக்க வைக்கும் பூஞ்சையும் கறையானும் அதில் சேர்த்திதான்.

சரி, எலிக்கு மருந்து வைத்தால் போதாதா? புரோடிஃபேகூம் போன்ற வீரியமான மருந்து எலியின் ஈரலில் தங்கிவிடும். அந்த எலியைத் தின்னும் கூகையும் சாகக்கூடும். எலி சீக்கிரம் பெருகிவிடும், கூகையால் அந்த வேகத்தில் முடியாது. பெட்டி வைத்திருக்கும் தோட்டத்தில் அந்த மருந்தைத் தொடவே கூடாது.