வாசகர் கேள்விகள்: முகம் தெரியாத அரை மணி நேரம்

கே: அண்ணா, நீங்கள் போன இதழில் எழுதியதைப் படித்துவிட்டு டேவிட் லிஞ்சின் 'தி எலிஃபன்ட் மேன்' (1980) பார்த்தேன். உருக்குலைந்த உடம்போடு பிறந்த மெரிக்கை ஒரு வித்தைக்காரனிடமிருந்து மீட்டு, டாக்டர் ட்ரீவ்ஸ் லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவரும் கதை. அரை மணி நேரத்துக்கு மெரிக்கின் முகத்தையே காட்டவில்லை. நம் ஆவலைக் கிளப்பிக் காசு பண்ணுகிற வேலைதானே இது? அந்த வித்தைக்காரனுக்கும் இயக்குநருக்கும் என்ன வித்தியாசம்?
- ஒரு கல்லூரி மாணவர்

ப: நன்றாக மடக்குகிறீர்கள், தம்பி. முதல் தடவை பார்த்தபோது எனக்கும் இதே கோபம்தான். 'எப்படா காட்டுவான்' என்று காத்திருந்த என்மேலேயே கோபம் என்றும் சொல்லலாம்.

ஆனால் எப்படிக் காட்டுகிறார் என்று பாருங்கள். மெரிக்கை முதலில் ட்ரீவ்ஸ் பார்க்கிறார் (ஆந்தனி ஹாப்கின்ஸ்). நமக்குத் தெரிவது ஹாப்கின்ஸின் முகம் மட்டும். கேமரா மெல்ல அவரை நெருங்குகிறது. கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்குகிறது. அப்புறம் மருத்துவர்கள் கூடிய அரங்கம். அங்கேயும் திரைக்குப் பின்னால் நிழல்தான். கடைசியில், விஷயம் தெரியாத ஒரு இளம் நர்ஸ் சாப்பாட்டோடு அறைக்குள் நுழைந்து அலறுகிறாள். முகம் அப்போதுதான் வருகிறது. வரும்போது அது நடுங்கிக்கொண்டிருக்கிறது. அவள் அலறலில் அவருக்குத்தான் உயிர் போகிறது.

வித்தைக்காரன் இந்த நடுக்கத்தைக் காட்டமாட்டான். காட்டினால் அடுத்த காட்சிக்கு ஆள் வராது.

உங்கள் கேள்வியைப் படமே கேட்டுக்கொள்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய மனிதர்கள் வரிசையாக வந்து மெரிக்கோடு தேநீர் குடிக்க ஆரம்பித்ததும், தலைமை நர்ஸ் ட்ரீவ்ஸிடம் முகத்துக்கு நேரே கேட்கிறார்: இங்கேயும் அவரை வேடிக்கைதானே பார்க்கிறார்கள்? அன்று ராத்திரி ட்ரீவ்ஸுக்குத் தூக்கம் வருவதில்லை, தான் நல்லவனா கெட்டவனா என்று. அந்த இடத்தில் லிஞ்ச் தன்னையும் சேர்த்துத்தான் கேட்டுக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும்.

கே: அந்த மேக்கப்புக்கு ஆஸ்கர் கிடைத்ததா?

ப: எப்படிக் கிடைக்கும்? அப்போது ஒப்பனைக்கு நிரந்தரப் பிரிவே இல்லை. கிறிஸ்டோபர் டக்கரின் கைவண்ணம் அது. அதைப் போட்டுக்கொள்ள மெரிக்காக நடித்த ஜான் ஹர்ட் ஏழெட்டு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. படத்துக்கு 8 பரிந்துரைகள், விருது ஒன்றுகூட இல்லை. இதென்ன அநியாயம் என்று எழுந்த முணுமுணுப்புக்குப் பிறகுதான் அடுத்த ஆண்டிலிருந்து ஒப்பனைக்குத் தனி விருது வந்தது. இன்னொன்று: படத்தைத் தயாரித்தது நகைச்சுவைப் பட இயக்குநர் மெல் புரூக்ஸின் கம்பெனி. தன் பெயரைப் பார்த்தால் ஜனங்கள் நகைச்சுவைப் படம் என்று நினைத்துவிடுவார்களே என்று அவர் பெயரே போட்டுக்கொள்ளவில்லை.

கே: நிஜத்திலும் அந்த மனிதர் அவ்வளவு அடி உதை பட்டாரா, சார்?

ப: படத்தில் அடித்து நொறுக்கும் வித்தைக்காரன் பைட்ஸ் கற்பனைப் பாத்திரம். படத்தில் மெரிக்குக்கு வைத்த 'ஜான்' என்ற பெயரே தவறு. அவர் ஜோசப் மெரிக். ட்ரீவ்ஸ் தன் நினைவுக் குறிப்பில் ஜான் என்று எழுதினார், படமும் அதையே பிடித்துக்கொண்டது.

ஜோசப் 1862இல் லெஸ்டரில் பிறந்தவர். சிறு வயதில் சுருட்டுச் சுற்றும் வேலைக்குப் போனார். வலது கை கனத்துப் பருத்துக்கொண்டே போனதால் அது நின்றது. வீடு வீடாகப் போய்ச் சாமான் விற்றுப் பார்த்தார். கதவைத் திறந்தவர்கள் முகத்தைப் பார்த்ததும் சாத்தினார்கள். 17 வயதில், ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் 'வொர்க்ஹவுஸ்' விடுதிக்குப் போனார். அங்கே நாலு வருஷத்துக்கு மேல் கிடந்தவர், இதற்குக் காட்சிப்பொருளாகவே பிழைக்கலாம் என்று முடிவெடுத்து, சாம் டார் என்ற மேடைக் கலைஞருக்குத் தானே கடிதம் எழுதினார். 1884இல் லண்டனில், மருத்துவமனைக்கு எதிர்க்கடையிலேயே டாம் நார்மன் என்பவர் அவரைக் காட்சிக்கு வைத்தார். இந்தப் பிழைப்பில் மெரிக் சுமார் 50 பவுண்டு சேர்த்திருந்தார். ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனவன் அதைச் சுருட்டிக்கொண்டு அவரை அந்நிய ஊரில் விட்டுவிட்டான். 1886இல் தட்டுத்தடுமாறி லண்டன் திரும்பியவரை மருத்துவமனை ஏற்றுக்கொண்டது. 1890இல் அங்கேயே இறந்தார். வயது 27.

கடிதம் எழுதித் தன் பிழைப்பைத் தானே தேடிக்கொண்ட இந்த ஜோசப் படத்தில் இல்லை. அங்கே இருக்கிறவர் அடி வாங்குகிறார், நன்றி சொல்கிறார், அழுகிறார். வேலை தேடி அலைகிறவனைப் பார்த்து நாம் சுலபமாகக் கண்ணீர் விடுவதில்லை, அது தெரிந்துதான் விட்டுவிட்டார்கள் போல. எத்தனை தடவை பார்த்தாலும் இந்தக் குறை எனக்குத் தீரவில்லை.

கே: என் மகளுக்கு 14 வயது. பிறவியிலேயே பாதி முகத்தில் சிவப்பு மச்சம். இந்தப் படத்தை அவளுக்குக் காட்டலாமா, சார்?
- ஒரு அம்மா

ப: முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள் அம்மா. அப்புறம் கதையைச் சொல்லி, பார்க்கிறாயா என்று அவளிடமே கேளுங்கள். 'உனக்கு நல்லது' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என் இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை தீக்காயத் தழும்பு உண்டு. ஏழு வயதில் பட்டது. பள்ளியில் குரூப் போட்டோ எடுக்க வந்தவர் கேமராவை விட்டுவிட்டு என்னிடம் வந்து, தாடையைப் பிடித்து இடது பக்கம் திருப்பினார். "இப்படி நில்லு, நல்லா வரும்" என்றார். ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார். அந்தப் போட்டோவில் வகுப்பே நேராகப் பார்க்கிறது, நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

படத்தில் ட்ரீவ்ஸின் மனைவி தன் வீட்டில் மெரிக்குக்குத் தேநீர் கொடுப்பார். மற்ற விருந்தாளிகளிடம் பேசுகிற மாதிரியே பேசுவார். மெரிக் தன் அம்மாவின் படத்தை எடுத்து அவரிடம் காட்டுவார். அந்த இடம் உங்கள் மகளுக்குப் பிடிக்கலாம். ரயில் நிலையத்தில் கூட்டம் மெரிக்கைத் துரத்திப்போய் மூலையில் நெருக்கும் காட்சியும் வரும். அதற்கு முன்பே ரிமோட்டை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.