சான்றிதழில் யார் பெயர் இருக்கிறது? தொண்டி முதல் ராமேஸ்வரம் வரை வந்த கேள்விகள்

ஏற்றுமதிக் கம்பெனிகளில் தொழிலாளர் நிலையைச் சோதிக்கும் தணிக்கைக் குழுக்களில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். நண்டு, இறால், பாசி என்று நம் கடற்கரையிலிருந்து கப்பலேறும் சரக்கு பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மண்டபம்: அக்கா, நண்டுக் கம்பெனியில் சதை எடுக்கிறேன். அடுத்த வாரம் ஆடிட்டாம். எல்லோருக்கும் புதுக் கையுறை வந்திருக்கிறது. யார் கேட்டாலும் எட்டு மணி நேர வேலைதான் என்று சொல்லச் சொல்கிறார் சூப்பர்வைசர். என்ன செய்வது?

உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் சுலபமாகச் சொல்லிவிடலாம் தங்கச்சி. நாளைக்கு வேலை போனால் கஷ்டப்படப் போவது நீங்கள்தான். அதனால் முதலில் உங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். யாரிடம் பேசுவது என்பதை ஆடிட்டர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், கம்பெனி அல்ல. பேசும் இடத்தில் சூப்பர்வைசர் நிற்கக் கூடாது. நின்றால், “அவர் இருக்கும்போது பேச மாட்டேன்” என்று மட்டும் சொல்லுங்கள். விவரம் தெரிந்த ஆடிட்டருக்கு அதுவே போதும்.

இன்னொன்று. நீங்கள் வாயைத் திறக்காவிட்டாலும் உண்மை வெளிவர வழி இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் சாப்பிடும் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவேட்டில் நண்டு எப்போது வெந்தது, சதையை எப்போது எடை போட்டு டப்பாவில் அடைத்தார்கள் என்றெல்லாம் நேரம் எழுதியிருக்கும். அதில் கை வைக்கக் கம்பெனிகள் பயப்படும். கடைசித் தட்டை எடை போட்டது இரவு எட்டரைக்கு, வருகைப் பதிவேட்டிலோ எல்லோரும் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார்கள் என்றால், எட்டரை வரை சதை எடுத்தது யார்? அப்புறம் நான் கையைப் பார்ப்பேன். நாள் முழுக்க ஐஸில் கிடந்த நண்டை உடைத்த கையில் விரல் நுனி வெளுத்து ஊறியிருக்கும், நகக்கண்ணில் ஓடு கீறிய புண் இருக்கும். கையுறையோ அன்றைக்குத்தான் பாக்கெட்டிலிருந்து எடுத்த மடிப்பு கலையாமல் இருக்கும்.

தங்கச்சிமடம்: எங்களுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. நண்டு வரத்து குறைந்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. சான்றிதழ் வாங்கிய கம்பெனி இப்படிச் செய்யலாமா?

கிலோ கணக்கில் கூலி கொடுப்பது தப்பில்லை. ஆனால் முழு நாள் வேலை செய்தவருக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. வேலைக்கு வரவழைத்து, சரக்கு இல்லை என்று உட்கார வைத்தாலும் அந்த நாளுக்குக் கூலி கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. தொழிலாளர் நிலைக்கான சர்வதேசத் தரமான எஸ்ஏ 8000 இதற்கும் ஒரு படி மேலே போகிறது. குடும்பத்தின் அடிப்படைத் தேவை போகக் கொஞ்சம் கையில் மிஞ்ச வேண்டும் என்கிறது. வாரத்துக்கு 48 மணி நேர வேலை, மிகைநேரம் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஒரு நோட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம், எடுத்த கிலோ, வாங்கிய பணம் எல்லாம் எழுதி வையுங்கள். நான்கு பேர் எழுதினால் இன்னும் பலம்.

தொண்டி: நண்டு ஏற்றுமதி செய்கிறோம். ஒரு பையர் ஸ்மெட்டா கேட்கிறார், இன்னொருவர் எஸ்ஏ 8000 கேட்கிறார். இரண்டும் ஒன்றா?

இல்லை அண்ணே. ஸ்மெட்டா என்பது தணிக்கை அறிக்கை, சான்றிதழ் கிடையாது. எஸ்ஏ 8000 மூன்று வருஷம் செல்லும் சான்றிதழ், இடையிடையே சோதனையும் வரும். இரண்டுக்கும் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். அதனால் கேட்கிற பையரிடம் விலையைக் கூட்டிக் கேளுங்கள். விலையை அடித்துப் பேசிவிட்டு, நியாயக் கூலிக்கு அத்தாட்சி கேட்பது நியாயமே இல்லை.

பாம்பன்: விசைப்படகு வைத்திருக்கிறேன். ஆட்களுக்குப் பங்குதான், சம்பளம் கிடையாது. இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

பொருந்தும். மீன்பிடித் தொழிலுக்கென்றே ஐஎல்ஓ என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188-வது உடன்படிக்கை இருக்கிறது. 2007-ல் வந்தது, 2017-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. ஆனாலும் வாங்குகிறவர்கள் அதை வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதி, ஆளுக்கொரு நகல் கொடுங்கள். முன்பணத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். கடனை அடைக்கும்வரை வேறு படகுக்குப் போகக் கூடாது என்று ஒருவரைப் பிடித்து வைத்தால், அது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும்.

சின்னப்பாலம்: அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கிறார். அது பாசியிலிருந்து அகர் என்ற ஜெல்லிப் பொருள் எடுக்கும் கம்பெனிக்குப் போகிறது. அந்தக் கம்பெனியின் சான்றிதழில் அம்மாவும் உண்டா?

பெரும்பாலும் இல்லை தம்பி. எனக்கு ரொம்ப வேதனையான விஷயம் இதுதான். ஆடிட்டர் கம்பெனி வாசலோடு நின்றுவிடுவார். பாசி எடுப்பவர், கரையில் வாங்கும் வியாபாரி, அதற்கப்புறம்தான் கம்பெனி. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்குகிற உங்கள் அம்மாவின் பெயர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இருக்காது.

இத்தனைக்கும் நம் பெண்கள் மாதத்தில் எத்தனை நாள் கடலுக்குப் போவது என்று தங்களுக்குள்ளே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள். உங்கள் ஊர் லட்சுமி அக்காவுக்கு 2015-ல், தீவுகளின் சூழலைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தது அந்த உழைப்புக்குத்தான். 2017-ல், வளர்ப்பு மீனுக்குச் சான்றுத் தரம் வகுக்கும் ஏஎஸ்சியும் கடலில் பிடிக்கும் மீனுக்கு வகுக்கும் எம்எஸ்சியும் சேர்ந்து கடல்பாசிக்கென்றே ஒரு தரம் வெளியிட்டன. பாசி எடுப்பவர்களின் நிலையையும் அது பார்க்கிறது. கம்பெனியிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: எடை போடும் இடத்திலேயே விலை எழுதிய சீட்டு, கண்ணாடியும் கையுறையும், பாசி எடுப்பவர்களின் பட்டியல். அந்தப் பட்டியல் இல்லாமல் “நியாயமான பாசி” என்று அட்டை ஒட்டினால் நான் நம்ப மாட்டேன்.

கீழக்கரை: சான்றிதழ் வாங்கிய கம்பெனிகளிலேயே விபத்து நடக்கிறதே. இதையெல்லாம் எப்படி நம்புவது?

கேட்க வேண்டிய கேள்வி. 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குச் சில வாரம் முன்னால்தான் எஸ்ஏ 8000 வாங்கியிருந்தது. ஜன்னலில் கம்பி, பூட்டிய கதவு. ஆடிட்டருக்குக் காசு கொடுப்பது தொழிற்சாலை, அவர் பார்ப்பது ஒன்றிரண்டு நாள், தொழிலாளிக்குக் குரல் கிடையாது. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தத் தரமும் காகிதம்தான்.

வேறு வழியும் இருக்கிறது, நம் மாநிலத்திலேயே. திண்டுக்கல் பக்கம் ஒரு ஆடை ஆலைத் தொழிலாளிப் பெண், மேற்பார்வையாளரால் 2021-ல் கொல்லப்பட்டார். அதன் பிறகு 2022-ல் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆலை நிர்வாகத்துடனும் வாங்கும் பிராண்டுகளுடனும் ஒப்பந்தம் போட்டது. அதன்படி ஆலைக்குள் பயிற்சி பெற்ற பெண்களே கண்காணித்தார்கள். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டு ஆர்டரைக் குறைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆடிட்டர் வரும் நாளில் மட்டும் இல்லாமல், தினமும் உள்ளே இருக்கிறவர்களே பார்த்தார்கள். நண்டு ஷெட்டுக்கும் பாசிக் கரைக்கும் இப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை.

ராமேஸ்வரம்: எங்கள் இடத்தில் ஏழு பெண்கள்தான். முதலாளியே தப்பாக நடந்தால் யாரிடம் போவது?

பத்துப் பேருக்குக் குறைவான இடத்துக்கும், முதலாளி மேலேயே புகார் என்றாலும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும். ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸில் கேளுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்களால் எழுத முடியாவிட்டால் எழுதுவதற்குக் குழுவே உதவ வேண்டும். தனியாகப் போகாதீர்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.